கூரையில் கயாக், கீழே மலைப்பாதை

மலைநாட்டின் திம்புள்ளப் பகுதி நீர்த்தேக்கங்களுக்குச் சொந்தப் படகோடு போக நினைப்பவர், படகின் விலையை விசாரிப்பதற்கு முன் தன் வாகனத்தின் கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று விசாரிக்க வேண்டும். ஹூட் ரெக் எனப்படும் கூரைச் சுமைதாங்கியின் தெரிவு பற்றிய சிறப்புக் கட்டுரை.

ஹட்டனைத் தாண்டி டிக்கோயா வழியாக நோர்வூட்டுக்குப் போகும் பாதையோடு காசல்ரீ நீர்த்தேக்கம் நெடுந்தூரம் கூடவே வருகிறது. தேயிலைச் சரிவுகள் நேராக நீருக்குள் இறங்குகின்றன. காலைப் பனி விலகும்வரை அக்கரைத் தோட்டம் கண்ணுக்குத் தெரியாது. கெசல்கமு ஓயாவை மறித்து 1965இல் உருவான நீர்த்தேக்கம் இது. மஸ்கெலி ஓயாவில் 1969இல் மவுசாகலை வந்தது. பழைய மஸ்கெலியா நகரம் அதற்குள்தான் மூழ்கிக் கிடக்கிறது. தலவாக்கலையில் கொத்மலை ஓயாவை மறித்த மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. நுவரெலியாவில் ஆளுநர் வில்லியம் கிரகரி 1873இல் அமைத்த வாவி இருக்கிறது. கினிகத்தேனை இறக்கத்துக்கு அப்பால், வெள்ளைநீர்ப் படகோட்டத்துக்குப் பேர்போன கித்துல்கலையில் களனி கங்கை ஓடுகிறது.

இத்தனை நீரும் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்குவதுதான் இந்த மலைநாட்டின் கொடை. காசல்ரீ கரையில் பழைய துரைமார் பங்களாக்களை 2005 முதல் விடுதிகளாக நடத்தும் சிலோன் டீ ட்ரெய்ல்ஸ் போன்ற இடங்களில் விருந்தினருக்கான கயாக்குகள் அங்கேயே இருக்கின்றன. அங்கே தங்குகிறவர் படகைச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் கொழும்பிலிருந்து சொந்தப் படகோடு ஏறிவரும் குடும்பத்துக்கும், காலையில் காசல்ரீயிலும் மாலையில் கித்துல்கலையிலும் படகை இறக்க நினைக்கும் வழிகாட்டிக்கும், அவர்களை ஏற்றிச் செல்லும் வான் சாரதிக்கும் முதல் சவால் தண்ணீரில் இல்லை. அது வீதியில் இருக்கிறது.

அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். பெரும்பாலான இடங்களில் நடைபாதை கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் மலையிலிருந்து திரும்பும் கொழுந்துப் பெண்களும் வீதியின் ஓரத்திலேயே நடக்கிறார்கள். 2023 ஜனவரியில் நானுஓயா, ரதெல்ல குறுக்குப் பாதையில் நடந்த விபத்தில் 7 உயிர்கள் போயின. இந்தச் சரிவுகள் பிழையை மன்னிப்பதில்லை என்று இங்கே வாழ்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூரையிலிருந்து கழன்று விழும் 22 கிலோ பிளாஸ்டிக் படகு, அதன் சொந்தக்காரரைவிட வீதியோரம் நடப்பவருக்கே பெரிய ஆபத்து. ஆகவே ரெக் தெரிவை வெறும் வசதிப் பிரச்சினையாகப் பார்க்க என்னால் முடியவில்லை. நம்மைக் கடந்து நடப்பவர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதை அது.

எந்த நீருக்கு எந்தப் படகு?

எதைச் சுமக்கப் போகிறோம் என்று தெரிந்தால்தான் எதில் சுமப்பது என்று முடிவு செய்யலாம். கித்துல்கலையின் பாறைச் சுழல்களுக்கான வெள்ளைநீர்க் கயாக் குட்டையானது. ஏறத்தாழ இரண்டரை மீற்றர் நீளம், ஏறத்தாழ 20 கிலோ எடை. காசல்ரீ, கிரகரி போன்ற அமைதியான நீரில் குடும்பத்தோடு போக, மேலே ஏறி உட்காரும் ரகம் போதும். ஒருவர் படகு மூன்று மீற்றர் அளவில் இருக்கும். இருவர் படகு மூன்றரை மீற்றரைத் தாண்டும், எடையும் 30 கிலோவைத் தாண்டும். நெடுந்தூரம் துடுப்புப் போடும் பயணக் கயாக் நாலரை, ஐந்து மீற்றர்வரை நீளும்.

நீளம் ஏன் முக்கியம்? சிறிய காரின் கூரையில் முன் குறுக்குச் சட்டத்துக்கும் பின் சட்டத்துக்கும் நடுவே 70 சென்ரிமீற்றர் இடைவெளி கிடைத்தாலே பெரிது. நாலரை மீற்றர் படகை அதில் வைத்தால் முன்னும் பின்னும் ஏறத்தாழ 1.9 மீற்றர் வெளியே நிற்கும். காற்று அந்த முனையைப் பிடித்து ஆட்டும்போது, அந்த நீளம் முழுவதும் நெம்புகோலாகி ரெக்கின் கால்களை உலுக்கும். வெகன் ஆர், ஓல்ட்டோ போன்ற சிறிய கார் வைத்திருப்பவர் மூன்று மீற்றர் படகோடு நிற்பது நல்லது. நீண்ட படகுதான் வேண்டும் என்பவருக்கு நீண்ட கூரையுள்ள வாகனம் வேண்டும்.

கூரையின் கணக்கு

ஒவ்வொரு வாகனத்துக்கும், ஓடும்போது கூரை தாங்கக்கூடிய எடை என்று ஓர் எல்லை உண்டு. பல சிறிய, நடுத்தரக் கார்களுக்கு அது 50 முதல் 75 கிலோ. சிறிய ஜப்பானிய ரகங்களில் இன்னும் குறைவாகவும் இருக்கலாம். வாகனத்தின் கையேட்டில் அந்த எண் இருக்கும். நம் நாட்டில் ஓடும் ரீகண்டிஷன் வாகனங்கள் பலவற்றின் கையேடு ஜப்பான் மொழியில் இருப்பதால் யாரும் அதைப் புரட்டுவதில்லை. அதே மாடலின் ஆங்கிலக் கையேட்டைத் தேடியோ, விற்பனை முகவரிடம் கேட்டோ எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் ரெக் வாங்கக் கூடாது. நிறுத்தி வைத்த வாகனத்தின் கூரை தாங்கும் எடை என்று இன்னொரு பெரிய எண்ணைச் சிலர் காட்டுவார்கள். ஓடும் வாகனத்துக்கு அது பொருந்தாது.

அந்த எல்லைக்குள் படகு மட்டும் அடங்கினால் போதாது, ரெக்கும் அடங்க வேண்டும். 50 கிலோ கூரையை எடுத்துக்கொள்வோம். அலுமினியக் குறுக்குச் சட்டங்களும் அவற்றைக் கூரையில் பிடித்திருக்கும் கால்களும் சேர்ந்து 5 கிலோ. சட்டத்தின்மேல் இரண்டு படகுகளும் அமரும் தாங்கிகள் 7 கிலோ. தலா 22 கிலோ வீதம் இரண்டு படகுகள் 44 கிலோ. மொத்தம் 56. எல்லை தாண்டிவிட்டது. அந்தக் காருக்கு ஒரு படகுதான். இரும்புக் கூண்டு ரெக் 25 கிலோ இருந்தால், ஒரு 22 கிலோ படகை வைத்ததுமே 47. அதன்பிறகு துடுப்புக்கும் உயிர்காப்பு அங்கிக்கும்கூட மேலே இடமில்லை, அவை டிக்கிக்குள் போகட்டும்.

கூரை, கால், சட்டம், தாங்கி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை எழுதப்பட்டிருக்கும். அவற்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் எல்லை. 100 கிலோ தாங்கும் சட்டத்தை வாங்கிப் பூட்டினால் 50 கிலோ கூரை 100 கிலோ தாங்கிவிடாது.

கால் எதைப் பற்றியிருக்கிறது?

ரெக்கின் விலையைவிட, அதன் கால் கூரையை எப்படிப் பற்றுகிறது என்பதே முக்கியம். மலைநாட்டு வீதிகளில் நாம் காணும் வாகனங்களை வைத்து நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

மழைநீர் வழியும் தகரப் பீலி கூரையோரம் ஓடும் வாகனங்கள் முதல் வகை. ஹயஸ் வான்கள், டொல்பின் வான்கள், பழைய லேண்ட் ரோவர்கள் இதில் சேரும். பீலியைக் கவ்வும் கால்கள் உறுதியானவை. ஆனால் மழையும் பனியும் குறையாத ஊரில் அந்தப் பீலிதான் முதலில் துருப்பிடிக்கும். பெயின்டுக்கு அடியில் உப்பியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்காமல் கால் பூட்டக் கூடாது.

கூரையின் இரு பக்கமும் நீளவாட்டில் கம்பி எழும்பி நிற்கும் வாகனங்கள் இரண்டாவது வகை. இவற்றில் ரெக் பூட்டுவது எளிது. அழகுக்காக ஒட்டிய போலிக் கம்பிகளும் உண்டு. கம்பி கூரையின் உடலோடு போல்ட் போட்டுப் பிணைக்கப்பட்டதா என்பதை உறுதி செய்ய வேண்டும். மூன்றாவது வகையில், கூரையிலேயே மறைவாகத் துளைகள் கொடுத்திருப்பார்கள். அதற்கென்றே செய்த கால்கள் வேண்டும்.

நான்காவது வகை, ஒன்றுமே இல்லாத வழுக்குக் கூரை. வீதியில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை இந்த ரகம். கதவுச் சட்டத்தின் விளிம்பைக் கவ்வும் கொக்கிகளால் இதில் ரெக் பூட்டுவார்கள். அந்தக் கொக்கி ஒவ்வொரு மாடலின் வளைவுக்கும் தனியாக வார்க்கப்பட்டது. ஒரு காருக்குச் செய்ததை இன்னொன்றில் மாட்டினால் கையால் இழுக்கும்போது உறுதியாகத் தெரியும். ஆனால் கினிகத்தேனை வளைவில் பக்கவாட்டு விசை வரும்போது வழுக்கும். பெரிய மேல்நாட்டு நிறுவனங்களின் பட்டியலில் ஜப்பான் உள்நாட்டு மாடல்கள் எல்லாம் இருக்காது. இன்னோ, டெர்சோ போன்ற ஜப்பானிய வர்த்தகப் பெயர்களில் அந்த மாடல்களுக்கு ஏற்ற கொக்கிகள் வருகின்றன.

காற்றடைத்த மெத்தைகளைக் கூரையில் வைத்து, பெல்ட்டைக் கதவு வழியாக உள்ளே விட்டுக் கட்டும் மென்மையான ரெக்குகளும் சந்தையில் உண்டு. வெயில் நாட்டில், குறுகிய தூரத்துக்கு, ஒரு சிறிய படகுக்கு அவை உதவும். நம் மழையில் அந்த பெல்ட் வழியே தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். மலைப்பாதைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பஞ்சிகாவத்தையா, பட்டறையா?

ரெக் தொழிலின் பெரிய பெயரான துலே, 1942இல் சுவீடனில் எரிக் துலின் என்பவர் மீனவர்களுக்கு மீன்பொறி செய்து விற்றதில் தொடங்கிய நிறுவனம். இத்தகைய நிறுவனங்களின் பொருட்கள் ஐஎஸ்ஓ 11154 போன்ற தரங்களின்படி சோதிக்கப்படுகின்றன. திடீர் பிரேக்கையும் மோதலையும் ஒத்த விசைகளைக் கொடுத்து, சுமை பிய்ந்து போகிறதா என்று பார்க்கிறார்கள். நாம் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு அந்தச் சோதனைக்குரியது.

ஆனால் அந்த விலை எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. 2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனங்களையே பழுதுபார்த்து ஓட்டினோம். அதனால் பலருக்கு வழி இரண்டுதான்: கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த ரெக் தேடுவது, அல்லது ஊர்ப் பட்டறையில் செய்விப்பது.

பாவித்த ரெக் வாங்குவதில் தவறில்லை. நான்கு கால்களும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவையா, கொக்கியில் உங்கள் மாடலுக்குரிய எண் இருக்கிறதா, ரப்பர் வெடித்திருக்கிறதா, திருகாணியின் மரை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்தைத் தரையில் வைத்து உருட்டினால் வளைந்திருப்பது தெரிந்துவிடும். ரப்பர் போனால் மாற்றலாம்; மரை போன காலை வாங்கவே வேண்டாம்.

பட்டறையில் செய்விப்பதையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. தோட்டத்து லொறிக்கும் ட்ராக்டருக்கும் வேண்டியதைச் செய்துகொடுக்கும் கைகள் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் இருக்கின்றன. ஹயஸ் வானின் பீலிக்கு ஜிஐ பைப்பில் நல்ல ரெக் செய்யலாம். ஆனால் வேலை செய்பவரிடம் சில விஷயங்களைச் சொல்லிச் செய்விக்க வேண்டும். எடை முழுவதும் பீலியில் இறங்க வேண்டும், கூரைத் தகட்டில் எங்கும் முட்டக் கூடாது. கூண்டும் விளிம்பும் வேண்டாம், இரண்டு குறுக்குச் சட்டமே போதும். இரும்பின் எடையும் பாதியாகும். அதிர்வில் கழலாத நைலொக் நட் போட வேண்டும். பைப்பின் வாயை அடைத்து, வெல்டிங் முனைகளை அராவி, துருக்காப்புப் பூச வேண்டும். கடைசியாக, முடிந்த ரெக்கைத் தராசில் நிறுத்து எடையை எழுதிக்கொள்ள வேண்டும். மேலே பார்த்த கணக்குக்கு அந்த எண் இல்லாமல் முடியாது.

படகு எப்படிப் படுக்க வேண்டும்?

வெறும் சட்டத்தில் படகைக் கட்டினால் தொடுமிடத்தில் எடை குவிந்து பிளாஸ்டிக் உடல் குழியும். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் விழும் இடத்தில் துணியை மடித்து வைப்பது எதற்கோ, தாங்கியும் அதற்குத்தான்.

ஜே எழுத்துபோல் வளைந்த தாங்கியில் படகு ஒருக்களித்து நிற்கும். அகலம் மிச்சமாகும், ஒரே கூரையில் இரண்டு படகு வைக்கலாம். ஆனால் உயரம் கூடும், பக்கக் காற்றும் அதிகம் பிடிக்கும். ஏற்கெனவே உயரமான வெகன் ஆரில் ஜே தாங்கி வைத்தால், மொத்த உயரம் 2.3 மீற்றர் அளவுக்கு எழும்பும். தோட்டப் பாதையில் தாழ்ந்து தொங்கும் கிளையும் வயரும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. படகின் அடிவயிற்றுக்கேற்ப அமரும் சேணம் போன்ற தாங்கியில் படகு தாழ்ந்து கிடக்கும். ஒரே படகு கொண்டுபோகிறவருக்கு மலைப்பாதையில் அதுவே மேல். பல வெள்ளைநீர்ப் படகுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், நடுவில் நிமிர்ந்த கம்பி வைத்து அதன் இரு பக்கமும் ஒருக்களித்துச் சாய்த்துக் கட்டுவார்கள். ஹயஸ் வைத்திருக்கும் வழிகாட்டிகளுக்கு அது ஏற்றது.

ஏற்றுவதையும் முன்கூட்டியே யோசியுங்கள். ஹயஸ் வானின் கூரை ஏறத்தாழ இரண்டு மீற்றர் உயரம். 30 கிலோ படகை அந்த உயரத்துக்குத் தூக்க இரண்டு பேரும் உறுதியான ஏணியும் வேண்டும். துடுப்புப் போட்டுக் களைத்து, குளிரில் கை விறைத்த மாலை வேளையிலும் அதே படகை அதே உயரத்துக்கு ஏற்றத்தான் வேண்டும்.

பெல்ட்டும் கயிறும்

தவறாகக் கட்டினால் நல்ல ரெக்கும் வீணாகும். தென்னங்கயிறு மழையில் நம்பக்கூடியதல்ல. நைலோன் கயிறு நனைந்தால் நீளும். 25 மில்லிமீற்றர் பொலியஸ்டர் பெல்ட், பல் வைத்துக் கவ்வும் கேம் பக்கிளோடு இருந்தால் போதும். லொறியில் பாவிக்கும் ரெச்சட் பெல்ட்டின் நெம்பு விசை படகின் உடலை நசுக்கிவிடும். கையால் இழுத்து இறுக்கும் அளவே கயாக்குக்குச் சரி. ஓடும்போது பெல்ட் விர்ரென்று அதிர்ந்தால் அதில் ஒரு முறுக்குக் கொடுத்தால் சத்தம் அடங்கும்.

நடுவில் இரண்டு பெல்ட் போட்டதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். படகின் முன்முனையிலிருந்து வாகனத்தின் முன்பக்கத்துக்கும், பின்முனையிலிருந்து பின்பக்கத்துக்கும் தலா ஒரு கயிறு கட்டாயம் வேண்டும். முன்கயிறு காற்று படகைத் தூக்குவதைத் தடுக்கும். பின்கயிறு திடீர் பிரேக்கில் படகு முன்னே பாய்வதைத் தடுக்கும். இறக்கத்தில் பிரேக்கோடு வாழும் இந்த வீதிகளில் பின்கயிறு இல்லாமல் புறப்படக் கூடாது. கயிற்றை இழுவைக் கொக்கியில் மாட்டுங்கள். கொக்கி இல்லையென்றால் பொனட்டுக்கு அடியில் போல்ட்டோடு பிணைத்த பெல்ட் வளையம் போட்டுக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பம்பரில் கட்டுவது கட்டாததற்குச் சமம். தளர்ந்த முன்கயிறு டயருக்குள் சிக்கினால் படகையே பிடுங்கிவிடும். ஆகவே மிச்சக் கயிறு தொங்கவே கூடாது.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 40இல் போகிறவர் 80க்கு ஏற்றினால் ரெக் மீதான இழுவை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகும். மலைப்பாதை தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். ஆபத்து கொழும்புப் பக்கத்து நேர்ப் பாதையில்தான் இருக்கிறது.

மழை ஏற்றும் எடை

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கித்துல்கலையிலிருந்து ஹட்டன் ஏறும்வரை மழை விடாமல் பெய்யக்கூடும். உட்காரும் குழி மேலே பார்த்திருக்கும்படி படகை வைத்தால், அது தொட்டியாகிவிடும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 30 லீற்றர் தேங்கினால், நாம் தராசில் போட்டு எழுதிய கணக்கு அத்தனையும் வழியிலேயே பொய்யாகிவிடும்; அந்தத் தண்ணீர் வளைவுக்கு வளைவு ஒரு பக்கமாக ஓடி வாகனத்தையும் சாய்க்கும். குழிக்கு மூடி போடுங்கள், இல்லையேல் படகைக் கவிழ்த்துக் கட்டுங்கள். மேலே உட்காரும் ரகத்தில் வடிகால் துளைகள் இருப்பதால் இந்தக் கவலை குறைவு.

வெப்பமும் கட்டைத் தளர்த்தும். அவிசாவளை வெயிலில் சூடேறி இளகியிருக்கும் பிளாஸ்டிக் உடல், 1,200 மீற்றருக்கு மேலுள்ள ஹட்டனின் குளிரில் இறுகிச் சுருங்கும். அடிவாரத்தில் இறுக்கிய பெல்ட் உச்சியில் தளர்ந்திருக்கும். புறப்பட்ட முதல் 10 கிலோமீற்றரில் ஒருமுறை, கினிகத்தேனையில் ஒருமுறை, காபட் வீதி முடிந்து தோட்டத்துக் கல்பாதை தொடங்கும் இடத்தில் ஒருமுறை நிறுத்திக் கையால் அசைத்துப் பாருங்கள்.

கிளம்பும் முன்

● ரெக்கைப் பிடித்து ஆட்டினால் வாகனமே ஆட வேண்டும். ரெக் தனியாக ஆடக் கூடாது.
● இரண்டு பெல்ட், இரண்டு கயிறு: நான்கையும் கட்டியவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர்.
● வாகனத்தின் மொத்த உயரத்தை எழுதிச் சாரதி கண்ணில் படும்படி ஒட்டுங்கள்.
● பின்னால் நீட்டியிருக்கும் முனையில் சிவப்புத் துணி. பனிமூட்டத்தில் விளக்கு எரியட்டும்.
● மின்னுற்பத்திக்கான நீர்த்தேக்கங்களில் நீர்மட்டம் ஏறி இறங்கும். அனுமதி கேட்டு, உயிர்காப்பு அங்கியோடு மட்டும் இறங்குங்கள்.

ரெக் வேண்டாத வழி

கணக்கு ஒத்துவராத வாகனத்தில் பிடிவாதமாகப் படகை ஏற்ற வேண்டியதில்லை. காற்றடைக்கும் கயாக் மடித்தால் டிக்கியில் அடங்கும். அமைதியான நீருக்கு இன்று நல்ல தரத்தில் கிடைக்கிறது. மூன்று, நான்கு படகுகள் போகும் குழு ஒரு டிமோ பட்டா லொறியை வாடகைக்குப் பிடிப்பது எல்லா வகையிலும் பாதுகாப்பு. படகு தாழ்வாக, தட்டுக்குள் கிடக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் முனையை மட்டும் கட்டினால் போதும். உள்ளூர்ச் சாரதி ஒருவருக்கு ஒரு நாள் வருமானமும் கிடைக்கும்.

இந்த மலைகளில் நீர் விளையாட்டு வளர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதன் பயன் விடுதிகளோடு நின்றுவிடாமல், கரையோர லயங்களில் வளரும் பிள்ளைகளுக்கு வழிகாட்டிகளாகவும் பயிற்சியாளர்களாகவும் வேலை தர வேண்டும். அந்த வேலையின் முதல் பாடம் துடுப்புப் பிடிப்பது அல்ல, படகைக் கட்டுவது. விடுதி நடத்துகிறவர்கள் தங்கள் இளைஞர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கட்டும். பயணம் ஒழுங்கு செய்கிறவர்கள், வழியில் மூன்று முறை நிறுத்திப் பார்க்கும் நேரத்தைச் சாரதியின் கூலிக்குள் சேர்க்கட்டும். படகு வாங்கப் பணம் சேர்ப்பவர், அந்தத் தொகையில் ரெக்குக்கும் பெல்ட்டுக்கும் உரியதை முதலில் எடுத்து வைக்கட்டும். அந்தத் தொகை போதாதென்றால், இந்த ஆண்டு கரையில் வாடகைப் படகில் ஏறுங்கள். சொந்தப் படகு அடுத்த ஆண்டு வரட்டும்.